அவரைக் குடும்பத்து நஞ்சும் மருந்தும்

வல்ல இறைவன் மனிதனுக்கு உணவாக முளைப்பித்தவற்றுள் தானியங்களுக்கு அடுத்த இடம் பருப்பு வகைகளுக்கே உரியது. பாலைவெளியில் மன்னும் ஸல்வாவும் உண்டு சலித்த பனீ இஸ்ராயீலர்கள் மூஸா (அலை) அவர்களிடம் கேட்ட பொருள்களுள் பருப்பும் ஒன்று என்பதைத் திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில் காண்கிறோம். நோன்புக் கஞ்சிக்குப் பாசிப்பருப்பும் வெந்தயமும், விருந்துச் சோற்றுக்குத் தாளிச்சாவும் இல்லாத இல்லம் நம்மிடையே ஏது?

ஆயினும் இந்தப் பருப்புகளைத் தரும் அவரைக் குடும்பம் மிகப் பெரியது. துவரையும் உளுந்தும் பிறந்த அதே குடும்பத்தில் குன்றிமணியும் பூனைக்காலியும் பேயாவரையும் பிறந்திருக்கின்றன. இவற்றுட் பல கொடிய நஞ்சுகள். அந்நஞ்சுகளுட் சிலவற்றிலிருந்தே இன்றைய மருந்துகள் பிறந்தன என்பதும் உண்மை. இந்த இரண்டாவது செய்தி மட்டும் வீடுகளுக்குள் வேகமாக நுழைந்துவிடுகிறது. கைபேசியில் வரும் குறிப்பைப் படித்துவிட்டு, எந்த விதையையும் பொடித்துப் பாலில் கலந்து பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் புகட்டும் வழக்கம் பெருகி வருகிறது. ஒரு செடிக்குள் மருந்து இருக்கிறது என்பதும், அந்தச் செடியே மருந்து என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்குடும்பத்தில் ஏன் இத்தனை நஞ்சு என்று கேட்கலாம். பயறினச் செடிகள் பலவற்றின் வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகின்றன. புரதத்துக்கு மூலப்பொருள் நைட்ரஜன். பருப்பில் புரதம் மிகுந்திருப்பதன் காரணம் இதுவே. அந்த வளத்தைக் கொண்டே, தம் விதைகளைப் பூச்சியும் கால்நடையும் தின்று தீர்த்துவிடாதபடி காக்கும் நச்சுப் பொருள்கள் பலவற்றையும் அச்செடிகள் ஆக்கிக் கொள்கின்றன. ஓடித் தப்ப இயலாத உயிருக்கு இறைவன் அளித்த ஆயுதம் அது. நாம் அன்றாடம் உண்ணும் பருப்புகளில் அந்த ஆயுதம் மழுங்கியிருக்கிறது. அல்லது ஊறவைப்பதாலும் கொதிக்க வைப்பதாலும் அழிந்துபோகிறது. சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காட்டில் உண்டவர்கள் சில மணி நேரத்தில் வாந்தியால் துடிப்பதற்குக் காரணம், அதிலுள்ள லெக்டின் என்னும் புரதம். இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்த நஞ்சு செயலிழந்துவிடும். இளஞ்சூட்டில் மெதுவாக வேகவைப்பது போதாது.

குன்றிமணி

பொற்கொல்லர் தராசில் எடைக்கல்லாக இருந்தது குன்றிமணி. பல்லாங்குழியில் காயாகவும் உருண்டது. சிவப்பும் கருமையும் சேர்ந்த அதன் அழகே அதன் ஆபத்து. அதன் லத்தீன் பெயரின் பிற்பகுதி வேண்டுதலைக் குறிப்பது. மேலைநாடுகளில் ஜெபமாலைகளுக்கு இவ்விதையைக் கோத்ததால் வந்த பெயர் அது. 2011இல் இங்கிலாந்தில் ஒரு பெரிய தாவரத் தோட்டத்தின் கடையில் விற்கப்பட்ட கைவளைகளில் இவ்விதை கோக்கப்பட்டிருப்பது தெரிய வந்ததும், விற்ற வளைகளைத் திரும்பத் தருமாறு மக்களைக் கேட்டுக் கொண்டார்கள். சந்தையில் சிவப்பு விதைகளால் கோத்த தஸ்பீஹ் மணியையோ குழந்தைக்கான வளையலையோ காணும் சகோதரிகள் இதை நினைவிற் கொள்ளட்டும்.

இதன் நஞ்சுக்கு ஆப்ரின் என்று பெயர். இரண்டு கண்ணிகள் இணைந்த புரதம் அது. ஒரு கண்ணி உயிரணுவின் வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டு வாயிலைத் திறக்கும். மற்றது உள்ளே புகுந்து, உயிரணு தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் பட்டறையையே நிறுத்திவிடும். கெட்டியான தோலோடு முழு விதையாக விழுங்கப்பட்டால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடுகிறது. மெல்லப்பட்டால், உடைக்கப்பட்டால், கோப்பதற்காகத் துளையிடப்பட்டிருந்தால் நிலைமை வேறு. நன்கு மென்ற ஓரிரு விதைகளே ஒரு குழந்தையின் உயிருக்கு உலை வைக்கக்கூடும். துன்பம் உடனே தோன்றுவதில்லை என்பது மேலும் கொடுமை. பல மணி நேரம், சில வேளைகளில் ஓரிரு நாட்கள் கழிந்த பின்னரே வாந்தியும் இரத்தபேதியும் தொடங்கும். இதற்கு மாற்றுமருந்து இன்றளவும் கிடையாது. உடல்நீரும் உப்பும் குறையாமல் காப்பதே சிகிச்சை.

இந்த நஞ்சும் அறிவுலகுக்குப் பயன்பட்டது. 1890களின் தொடக்கத்தில் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக், ஆப்ரினை எலிகளுக்குச் சிறுகச் சிறுக ஊட்டி, நஞ்சைத் தாங்கும் ஆற்றல் அவற்றின் உடலில் வளர்வதையும், அந்த ஆற்றல் தாய்ப்பால் வழியே குட்டிகளுக்குச் செல்வதையும் கண்டறிந்தார். நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய இன்றைய அறிவின் தொடக்கப் படிகளுள் அது ஒன்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1882 முதல், ஐரோப்பியக் கண் மருத்துவர்கள் சிலர் குன்றிமணி ஊறிய நீரைக் கண்நோய்க்கு இட்டுப் பார்த்து, கண்ணைக் கெடுத்த நிகழ்ச்சிகள் பெருகவே அதனைக் கைவிட்டார்கள். சித்த மருத்துவம் குன்றியை அறியும். ஆனால் சுத்தி செய்யாமல் கையாளுவதில்லை. இந்திய மருந்துச் சட்டத்தின் விதிகளில் நச்சு மூலிகைகளுக்கென்று தனி அட்டவணையே உண்டு. குன்றி அதில் இடம்பெற்றிருக்கிறது. அது சேர்ந்த மருந்தை மருத்துவரின் மேற்பார்வையில்தான் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை உறையில் அச்சிடப்படல் வேண்டும்.

உத்தரப் பிரதேசத்துக் குழந்தைகள்

மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர், சஹாரன்பூர் முதலான மாவட்டங்களில் ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் ஒரு துயரம் வந்து போனது. மாலையில் வயல் வரப்பில் விளையாடிய குழந்தை, மூன்று நான்கு வயதுச் சிசு, திடீரென்று வாந்தி எடுக்கும். பிறகு பிதற்றும், நினைவு தப்பும், இரண்டு மூன்று நாட்களில் இறந்துவிடும். நோய் கண்டவர்களுள் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பல்லாண்டுகளாக அது மூளைக்காய்ச்சல் என்றே பதிவாயிற்று. வைரஸைத் தேடினார்கள், கிடைக்கவில்லை.

பிஜ்னோரின் குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நுண்ணுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜானும் அவர்களுடைய குழுவினரும் இதை வேறு கோணத்தில் அணுகினார்கள். மூளையில் கிருமித் தொற்றின் அறிகுறிகள் இல்லை. மாறாக ஈரலும் தசையும் மூளையும் ஒருசேரச் சிதைந்திருந்தன. கிருமியின் வேலையாக அது தோன்றவில்லை. நஞ்சின் வேலையாகத் தோன்றியது. நோயுற்ற குழந்தைகளின் குடும்பங்களையும், நலமாயிருந்த அண்டை வீட்டுக் குழந்தைகளின் குடும்பங்களையும் 2006இல் விசாரித்து ஒப்பிட்டார்கள். விடை கிடைத்தது. நோயுற்ற குழந்தைகள் ஒரு களைச்செடியின் காய்களைப் பறித்து விதைகளைத் தின்றிருந்தார்கள். அந்தச் செடி பேயாவரை. ஆய்வு 2007இல் வெளிவந்தது. கால்நடை மருத்துவர்கள் இச்செடியைத் தின்ற மாடுகளின் தசை அழிவதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள். மனித மருத்துவர்களின் கண்ணில் அது படவில்லை! பின்னாளில் லக்னோவின் நச்சுயியல் ஆய்வு நிறுவனத்தார் நோயுற்ற குழந்தைகளின் உடலில் ஆந்த்ரகுவினோன் வகைச் சேர்மங்கள் இருப்பதைக் கண்டு இதனை உறுதி செய்தனர். 2016இல் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் பழங்குடிக் குழந்தைகள் மடிந்தபோதும் முதலில் மூளைக்காய்ச்சல் என்றே பேசப்பட்டது. அங்கும் ஜேக்கப் ஜான் குழுவினர் இதே செடியைச் சுட்டிக் காட்டினார்கள்.

செல்வர் வீட்டுக் குழந்தைகள் இதில் மாளவில்லை. பசித்த வயிறும், கவனிக்க ஆளற்ற மாலைப் பொழுதும், வரப்போரத்தில் காய்த்துக் குலுங்கும் களையும் ஒன்று சேர்ந்த இடத்தில்தான் மாண்டார்கள். பெற்றோர் கூலிக்குப் போயிருந்த நேரத்தில் நேர்ந்ததைக் கிருமியின் மீது போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டோம் என்பது இந்நாட்டின் மனச்சாட்சியை உறுத்த வேண்டும்.

பேயாவரை தமிழ்நாட்டிலும் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் தானாக வளர்வதுதான். மஞ்சள் பூ, கசக்கினால் துர்நாற்றம் வீசும் இலை, மெலிந்து தட்டையாய்ச் சற்றே வளைந்த காய். ஆவாரையும் தகரையும் இதன் நெருங்கிய உறவுகள்; மூன்றுக்குமே மஞ்சள் பூக்கள்தாம். சர்க்கரை நோய்க்கென்று ஆவாரம்பூத் தேநீர் அருந்துவோர், பூவைத் தாமே பறிப்பதாயின் செடியை அறிந்தவரிடம் ஒருமுறை காட்டிக் கொள்வது நலம்.

ஸனாவின் பாடம்

இதே உறவுக் கூட்டத்தில்தான் ஸனாவும் இருக்கிறது. நம் நாட்டில் நிலாவாரை என்பர். உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயராலேயே விற்கப்படும் இலை இது. நெல்லை, தூத்துக்குடிச் சீமைகளில் பயிராகி ஏற்றுமதியாகிறது. இதனை உலக மருத்துவத்துக்குள் கொண்டுவந்த பெருமை அரபு மருத்துவர்களையே சாரும். இதன் வேலையைச் செய்வது சென்னோசைடு என்னும் சேர்மம். அது சிறுகுடலில் கரைந்து மறையாமல் பெருங்குடல் வரை செல்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை மாற்றிக் குடலைத் தூண்டும் பொருளாக்குகின்றன. இரவில் உண்டால் காலையில் வேலை செய்வது இதனால்தான். பேயாவரையிலும் இச்சேர்மத்தின் இனத்தைச் சேர்ந்த பொருள்களே உள்ளன என்பதைச் சிந்திக்க வேண்டும். ஓர் இனத்துப் பொருள்; ஒன்றில் மலச்சிக்கல் நீங்குகிறது, மற்றதில் குழந்தை சாகிறது.

திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் ஸனா பற்றிய அறிவிப்பு ஒன்று காணப்படுகிறது. அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் பேதிக்காக ஷுப்ரும் என்னும் கடுமையான மூலிகையை உட்கொண்டு வந்ததைப் பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்றும், ஸனாவைச் சிறப்பித்துக் கூறினார்கள் என்றும் அது தெரிவிக்கிறது. அதன் தரம் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஏற்றுக் கொள்வோரும் அதன் முற்பகுதியைக் கவனிப்பதில்லை. இரண்டு பேதி மருந்துகளுள் கடுமையானதை விலக்கி மென்மையானதைத் தேர்ந்தெடுத்தது அல்லவா அங்கே நிகழ்ந்தது? 2020இல் கொரோனா பரவியபோது ஸனா அந்நோய்க்கு மருந்தென்று பாகிஸ்தானில் ஒரு வதந்தி கிளம்பியது. விலை பன்மடங்கு ஏறியது. காய்ச்சலில் துவண்டவர்கள் பேதியால் உடல்நீரையும் இழப்பார்கள் என்று மருத்துவர்கள் எச்சரிக்க வேண்டியதாயிற்று. நாள்தோறும் மாதக்கணக்கில் ஸனா பருகுவோருக்கு இரத்தத்திலுள்ள பொட்டாசியம் குறைந்துபோகும். இதய நோய்க்கு மாத்திரை உண்போருக்கு அது பேராபத்து.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. நம் சட்ட அறிஞர்கள் இதன் மீது விரிவாகவே எழுதியுள்ளனர். குறிப்புகளைப் பிறருக்கு அனுப்பி வைக்கும் விரல்களும் இதில் அடங்குமா என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

ஃபூலும் பூனைக்காலியும்

வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் சகோதரர்களுக்கு ஃபூல் நன்கு அறிமுகமானது. அரபியர் காலை உணவிலும், எகிப்தியர் ஸஹரிலும் விரும்பி உண்ணும் பெரிய அவரைவிதை அது. கோடிக்கணக்கானோர் நலமாக உண்ணும் இவ்வுணவு ஒரு சிலருக்கு மட்டும் நஞ்சாகிறது. இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் அவர்கள். உலகெங்கும் சுமார் 40 கோடிப் பேருக்கு இக்குறை இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஃபூலிலுள்ள வைசின், கான்வைசின் என்ற சேர்மங்கள் அத்தகையோரின் சிவப்பணுக்களை உடைத்துவிடுகின்றன. உண்ட ஓரிரு நாட்களில் முகம் வெளுக்கும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுந்தேநீரின் நிறத்தில் இறங்கும். இக்குறை தாய்வழியே வருவது. ஆண் குழந்தைகளிடமே மிகுதியாகத் தோன்றும். இது தெரியாமல் மஞ்சள் காமாலை என்றெண்ணி மந்திரிக்கவும் நாட்டு மருந்து புகட்டவும் போனால் காலம் கடந்துவிடும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது.

இக்குறையுள்ளோர் ஒதுக்க வேண்டியவை ஃபூல் மட்டுமல்ல. மலேரியாவுக்கான பிரிமாகுயின் மாத்திரையும், துணிப் பெட்டியில் இடும் அந்துருண்டையும் அவர்களுக்கு ஆகா. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெருநாளுக்கும் சுன்னத்து வைபவத்துக்கும் பச்சிளம் குழந்தைகளின் கைகால்களில் மருதாணி அப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. இக்குறையுள்ள சிசுக்களுக்கு மருதாணி தோல் வழியே ஊறிச் சிவப்பணுக்களை உடைத்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. கைக்குழந்தைக்கு மருதாணி இடாதிருப்பதால் பெருநாளின் மகிழ்ச்சி குறைந்துவிடாது.

இந்த ஃபூலிலிருந்துதான் 1913இல் ஸ்விட்சர்லாந்து வேதியியலார் மார்க்கஸ் குக்கன்ஹைம் எல்-டோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். இரண்டரை கிராம் அளவைத் தாமே விழுங்கி, வாந்தி எடுத்து, பயனில்லாத பொருள் போலும் என்று கருதி விட்டுவிட்டார். 1937இல் சென்னையில் தாமோதரன், ராமஸ்வாமி என்ற இரு ஆய்வாளர்கள் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து இங்கிலாந்தின் உயிர்வேதியியல் ஏட்டில் வெளியிட்டனர். அதன் பெருமதிப்பு விளங்க மேலும் கால் நூற்றாண்டு சென்றது. கை நடுங்கி, நடை தளர்ந்து, முகம் உறைந்துபோகும் பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமைன் குறைகிறது. எல்-டோபா மூளைக்குள் சென்று டோபமைனாக மாறுகிறது. 1960களில் இது சிகிச்சையாக நிலைபெற்றது. உறைந்து கிடந்த மனிதர்கள் எழுந்து நடந்தார்கள்.

பூனைக்காலி விதையில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை எல்-டோபா இருக்கிறது. அதனால் விதைப்பொடியை வாங்கிப் பாட்டனாருக்குக் கொடுத்துவிடலாமா? விதைக்கு விதை அளவு வேறுபடும். மருத்துவர் தரும் மாத்திரையில் அளவு திட்டமானது. எல்-டோபா மூளையை அடையும் முன்னரே வீணாகாமல் தடுக்கும் துணைமருந்தும் அதில் கலந்திருக்கிறது. அம்மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் கைகால் கட்டுமீறி முறுக்கும். எழும்போது தலைசுற்றி விழுவார். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். 1989இல் மொசாம்பிக் நாட்டின் வடபகுதியில் பஞ்சத்தால் இவ்விதையைச் சரிவரப் பக்குவம் செய்யாமல் உண்ட மக்கள் கூட்டமாகச் சித்தம் கலங்கினர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடியினரும் இவ்விதையை உண்பவர்களே. ஆனால் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரைக் கொட்டிவிடுகிறார்கள். எல்-டோபா நீரோடு போய்விடுகிறது. அவர்கள் அதனை உணவாக்கக் கற்றார்கள். நாமோ மருந்தென்று பெயரிட்டு, ஒரு சொட்டும் வீணாகாமல் குடிக்கிறோம்.

பஞ்சம் என்றதும் கேசரிப் பருப்பு நினைவுக்கு வருகிறது. வறட்சியிலும் விளையும் பயிர் அது. ஆகவே ஏழைகளின் பயிர். மாதக்கணக்கில் அதுவே பிரதான உணவாகும்போது இடுப்புக்குக் கீழே கால்கள் விறைத்து முடங்கிவிடும், பின்னர் மீள்வதில்லை. மத்திய இந்தியாவில் 1830களையொட்டி இவ்வாறு முடங்கிய இளைஞர்களை ஆங்கில அதிகாரி ஸ்லீமன் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது வப்னியார்க்கா என்ற முகாமில் அடைக்கப்பட்ட யூதக் கைதிகளுக்குக் கால்நடைத் தீவனமான இதையே உணவாகக் கொடுத்து நூற்றுக்கணக்கானோரை முடமாக்கினார்கள். காரணமான ஓடாப் என்னும் அமினோ அமிலத்தை 1964இல் கண்டறிந்தவர்களுள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் முக்கியமானவர்கள். வியப்பு என்னவெனில், இரத்தக் கசிவை நிறுத்தச் சீன மருத்துவம் கையாளும் ஒரு ஜின்செங் இன வேரிலும் இதே பொருள் உள்ளது. நம் நாட்டில் 1961 முதல் இதன் விற்பனைக்குத் தடை வந்தது. சில மாநிலங்கள் தடையை ஏற்கவில்லை. துவரம்பருப்பிலும் கடலைமாவிலும் கலப்படமாக நுழைவது இதுவே. ஒருபுறம் சரிந்து, ஆப்பு வடிவில் முனை தெரியும் பருப்பைக் கண்டால் ஒதுக்கிவிட வேண்டும்.

இனி, பலர் வீட்டு அலமாரியில் இருக்கும் மெட்ஃபார்மின் மாத்திரைக்கு வருவோம். ஐரோப்பாவில் கலேகா என்றொரு பயறினச் செடி உண்டு. ஆடுகள் தின்றால் சாகும். அதிலுள்ள கலேஜின் சர்க்கரையைக் குறைப்பதை அறிந்து 1920களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நஞ்சு மிகுதியால் நிறுத்தினார்கள். அதனை ஒத்த அமைப்புடைய, ஆனால் நஞ்சு குறைந்த மெட்ஃபார்மின் 1922இல் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டது. ஆயினும் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளிடம் சோதித்து முடிவை வெளியிட்டது 1957இல்தான். செடியிலிருந்து மாத்திரைக்கு வர இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

குழந்தை நச்சு விதை எதையேனும் மென்றுவிட்டதாகத் தெரிந்தால் உப்புநீர் புகட்டியோ தொண்டையில் விரல்விட்டோ வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வாயில் எஞ்சியதைத் துடைத்தெடுத்து, உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். குழந்தை விளையாடிக் கொண்டிருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். குன்றிமணி தாமதித்துத்தான் தாக்கும். மீதமுள்ள விதை, காய், இலை, எதுவாயினும் ஒரு தாளில் மடித்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, மென்றதா விழுங்கியதா என்பவற்றையும் அத்தாளிலேயே குறித்துக் கொள்ளுங்கள். பெரியவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது வீட்டில் கொடுத்துவரும் பொடி, கஷாயம், லேகியம் அனைத்தையும் ஒரு பையிலிட்டு மேசைமீது வைத்துவிடுங்கள். கேட்டால் சொல்லிக் கொள்ளலாம் என்றிருந்தால், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.